ஹர்த்தால் நாளில் கண்டுபிடித்த ஊர்

1. பன்னிரண்டே கால் மணிக்கு வந்த போன்

"அண்ணாச்சி, இங்க வெடி வெச்சி மலைய ஒடைக்கானுவ."

டிரைவர் செல்வராஜ் போனில் சொன்ன முதல் வார்த்தை இதுதான். செவ்வாய்க்கிழமை, மணி பன்னிரண்டே கால். திருவனந்தபுரத்தில், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச்சாரியில், மாடியில் இருந்த எங்கள் டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து ஏர்போர்ட் பிக்கப் லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தேன். செல்வராஜ் மார்த்தாண்டத்துக்காரர், சீனியர் டிரைவர். நடுவழியில் டயர் வெடித்தால்கூட ஒரு டீ குடித்துவிட்டுத்தான் ஆபீஸுக்குச் சொல்வார். அவர் குரல் நடுங்கி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"எந்த மலைய?"

"வீட்டுக்குப் பொறத்த உள்ள மலைய. சைரன் அடிச்சான். மொதல்ல ஆம்புலன்ஸுன்னு நெனச்சேன். பொறவு டமார்னு ஒண்ணு. மேடம் கையில இருந்த கிளாஸ் விழுந்து ஒடஞ்சு போச்சு."

"சாருக்கு?"

"நெஞ்சுல கைய வெச்சிட்டு உக்காந்துட்டாரு. இப்பம் கொழப்பமில்ல. மேடம் ஒங்ககிட்ட பேசணுங்காவ."

நான் பேசவில்லை. "வந்துட்டே இருக்கேன்னு சொல்லும்" என்று போனை வைத்துவிட்டேன். வீரமான காரியம் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த கெஸ்ட் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து அன்று காலையில்தான் வந்து இறங்கியவர்கள். பத்மா மேடம் ரிட்டயர்ட் ஹெட்மிஸ்ட்ரஸ். அவருடைய வீட்டுக்காரர் ராமநாதன் சாருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். வீடு மெயின் ரோட்டில். வாசலிலேயே மெட்ரோ வேலை. ஆபரேஷனுக்குப் பிறகு சாருக்குத் தூக்கம் போய்விட்டது, பேச்சும் குறைந்துவிட்டது. புக்கிங்குக்கு முன்னால் மேடம் என்னிடம் போனில் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏசி வேண்டாம், டிவி வேண்டாம், சாப்பாடு எப்படி இருந்தாலும் பரவாயில்ல. சத்தம் மட்டும் இருக்கக் கூடாது. அவர் நாலு நாள் நிம்மதியாத் தூங்கணும்."

"இலை விழுற சத்தம்தான் மேடம் இருக்கும்" என்றேன் நான். என்ன ஒரு வாய்.

"சரி. உங்களுக்குப் பின்னால என்ன அது, ஏதோ உடையுற சத்தம்?"

"எந்தச் சத்தம் மேடம்?"

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதுதான் நேர்ச்சை, நம் நேர்த்திக்கடன் மாதிரி. விடிந்ததிலிருந்து நடை சாத்தும் வரைக்கும் ஜனங்கள் உடைத்துக்கொண்டே இருப்பார்கள். அதன் எதிரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். காதில் விழுவதே இல்லை.

இன்னொன்றும் இருந்தது. கிராமங்களுக்கு கெஸ்ட் அனுப்பும் இந்த பேக்கேஜ் முழுக்க என் யோசனை. முதலாளிக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அவர் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்தவர், இவர் திருவனந்தபுரத்திலேயே பிறந்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். "ஒரு ட்ரையல்தான் அண்ணாச்சி, கேட்டோ? அது குளமாச்சுன்னா பேக்கேஜ் குளோஸ். நீங்க பழைய மாதிரி வண்டி அனுப்புற சீட்டுக்குப் போயிடணும்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரே ட்ரையலில்தான் இந்த வெடி.

2. என் ரெக்கி முறை

புது இடத்தை கெஸ்டுக்குக் கொடுக்கும் முன் நாமே போய்ப் பார்ப்பதை எங்கள் தொழிலில் ரெக்கி என்போம். ரோடு எப்படி, கக்கூஸ் எப்படி, பெரிய வண்டி திரும்புமா, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும்.

திருவனந்தபுரத்தில் எல்லா டிராவல்ஸிலும் ஒரே ஐட்டினரிதான். காலையில் கோயில், மத்தியானம் மியூசியம், சாயங்காலம் கோவளம், மறுநாள் பொன்முடி, அதற்கும் மறுநாள் கன்னியாகுமரி. நானே அதை ஆயிரம் தடவை டைப் அடித்திருப்பேன். ஆனால் கெஸ்டுகள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: "கூட்டமே இல்லாத இடம் ஏதாவது இருக்கா சார்?" கிழக்கே காட்டாக்கடை, ஆரியநாடு தாண்டினால் ரப்பர் தோட்டமும் மலையும் ஓடையுமாகச் சின்னச் சின்ன ஊர்கள் எவ்வளவோ கிடக்கின்றன. ஒரு டூரிஸ்ட் வண்டியும் அந்தப் பக்கம் திரும்பாது. அந்த ஊர்களை லிஸ்ட் எடுப்பதென்று நான் இறங்கினேன்.

எப்போது போவது? ஆபீஸ் நாளில் முதலாளி விட மாட்டார். எனக்குத் தோதாகக் கிடைத்தது ஹர்த்தால். தமிழ்நாட்டில் பந்த் என்பதை இங்கே அப்படிச் சொல்வார்கள். காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஆறு வரை கடை கிடையாது, பஸ் கிடையாது, ஆபீஸ் கிடையாது. ஏர்போர்ட் வண்டிக்கு முன்கண்ணாடியில் 'ஏர்போர்ட்' என்று காகிதம் ஒட்டி அனுப்பிவிட்டால் என் வேலை முடிந்தது. டூ வீலரை யாரும் தடுப்பதில்லை. ஹர்த்தால் என்று அறிவித்தால் மற்றவர்கள் முந்தின நாள் சாயங்காலம் கோழிக்கறி வாங்க வரிசையில் நிற்பார்கள். நான் ஸ்கூட்டருக்கு பெட்ரோல் போட வரிசையில் நிற்பேன்.

காலியான ரோட்டில் போவது எவ்வளவு சுகம் தெரியுமா? ஒவ்வொரு ஊரிலும் இறங்கி நடப்பேன். ஜனங்கள் வீட்டு வாசலில் நிதானமாக உட்கார்ந்திருப்பார்கள். நின்று பேசுவார்கள், கப்பக்கிழங்கு கொடுப்பார்கள். அன்றைய என் டைரி இன்னமும் இருக்கிறது. ஊர் ஊராக ஒரே மாதிரி எழுதி வைத்திருக்கிறேன்: "சத்தம் இல்லை. வாகனம் இல்லை. மக்கள் அவசரமில்லாதவர்கள்." அப்படி ஒன்பது ஊர் சேர்ந்தது. ஒன்பதையும் ஹர்த்தால் நாளில்தான் பார்த்தேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஹர்த்தால் டவுனுக்குத்தான், கிராமம் எப்போதும் இப்படித்தான் கிடக்கும் என்று ஒரு எண்ணம். டவுன்காரன் புத்தி.

3. தங்கத்தின் வீடு

ஒன்பதில் முதலாவதாக நான் வைத்தது தங்கத்தின் ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த வாரமே நாலு வண்டி போய் நிற்கும். மலையடிவாரத்தில் முப்பது வீடு, கீழே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் மிளகுக் கொடி.

தங்கத்துக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ரப்பர் வெட்டுகிற வேலை. அம்மா வீடு களியக்காவிளைப் பக்கம் என்பதால் மலையாளம் கலந்த தமிழில் என்னோடு பேசுவார். நான் முதலில் போன அன்று அவர் வீட்டுக்காரர் தேவதாஸ் வாசலில் உட்கார்ந்து சக்கைப்பழம், நம் பலாப்பழம்தான், அறுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் தட்டு நிறையக் கொடுத்தார். வீட்டில் இரண்டு அறை சும்மா கிடந்தது. மகள்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். கெஸ்ட் வந்தால் தங்க வைக்க முடியுமா என்று கேட்டேன். தங்கம் சிரித்தார். "நம்மட வீட்டில வந்து நிக்க ஆளுண்டோ சாறே?"

அறையைச் சரிபண்ணிய பிறகு இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன். அது ஞாயிற்றுக்கிழமை. அன்றும் தேவதாஸ் வாசலில்தான் இருந்தார். ஐட்டினரியில் "ஹோஸ்ட்: விவசாயி" என்று போட்டேன். அவர் என்ன வேலை செய்கிறார் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் பாறைமடை இருந்தது. கல்குவாரியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். கல்லெல்லாம் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு, கடலில் போட, டிப்பரில் போகிறது. தேவதாஸ் அங்கேதான் பாறையில் துளை போடுகிறார். தினமும் மத்தியானம் ஒரு வெடி, சாயங்காலம் ஒரு வெடி. ஹர்த்தாலுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மட்டும் லீவு. நான் போன இரண்டு நாளும் அந்த இரண்டுதான்.

4. மேடத்துக்குச் சொல்லியிருந்த பொய்

செல்வராஜ் போன் செய்த அன்று ஒரே மூச்சில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் மன்னிப்பு கேட்பதற்கு வாக்கியம் தயார் செய்துகொண்டே போனேன். கோவளத்தில் ஒரு ரூமும் சொல்லி வைத்து, செல்வராஜிடமும் அதைச் சொல்லிவிட்டேன். கூடவே, மனசுக்குள் தங்கத்தைத் திட்டிக்கொண்டும் போனேன் என்பதை மறைக்கக் கூடாது.

வாசலில் பத்மா மேடம் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"மெதுவா. அவர் தூங்கறார்."

எனக்குப் புரியவில்லை. "இந்தச் சத்தத்திலயா மேடம்?"

"சத்தம் நின்னப்புறம்தான். முதல்ல எனக்கு உங்க மேல வந்த கோபத்துக்கு அளவே இல்ல. நேரா உங்க முதலாளிக்குப் போன் பண்ணத்தான் இருந்தேன். அதுக்குள்ள தங்கம் சொல்லிட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"நீங்க முன்னாடியே பாறை வெடியைப் பத்தி விசாரிச்சீங்களாம். அவங்கதான், கெஸ்ட் வராம போயிடக் கூடாதேன்னு, குவாரி மூடியாச்சுன்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டாங்களாம். ஒத்துக்கிட்டு அழுதாங்க. ஏழைப்பட்ட பொம்பள. போகட்டும், விடுங்க."

நேரே சமையல்கட்டுக்குப் போனேன். தங்கம் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"தங்கம், என்ன இது? நான் எப்ப கேட்டேன், நீங்க எப்ப சொன்னீங்க?"

"மெல்லச் சொல்லுங்க சாறே. டிரைவரு சொன்னாரு, மேடம் கம்ப்ளெய்ண்ட் பண்ணினா சாறுக்கு ஜோலி போகும்னு. இந்த வயசில ஜோலி போயா எங்க போவீரு? நாலு நாள் கழிஞ்சா அவுங்க அவுங்கட ஊருக்குப் போவாங்க. என்னைக் கள்ளின்னு நெனச்சா நெனச்சுக்கட்டு. எனக்கெந்து?"

வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டு வந்த பெண்பிள்ளை, என் வேலைக்காகத் தன்னைப் பொய்க்காரி ஆக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "வெடி வெக்கிற விஷயத்த ஒரு வார்த்தை நீங்களா சொல்லியிருக்கலாமே?"

தங்கம் மீனைச் சட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "சாறு போன் விளிக்கும்போ பின்னால எப்பவும் டப்பு டப்புன்னு கேக்கும். அது எந்து சத்தம்னு சாறு எப்பமாச்சும் என்கிட்ட சொன்னதுண்டோ?"

பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம் என்று அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன்.

5. நாலரை மணிக் கட்டன்

நாலரைக்கு முதல் சைரன் அடித்தது. தங்கம் அவசரமே இல்லாமல் அலமாரியிலிருந்து கண்ணாடி டம்ளர்களை எடுத்துத் தரையில் வைத்தார். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினார். ஆட்டை உள்ளே இழுத்துக் கட்டினார். அப்போது வாசலில் ஆட்கள் ஏறி வரத் தொடங்கினார்கள். தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண், தபால்காரர், குடையைத் தோளில் மாட்டிய ஒரு பெரியவர். யாரும் கூப்பிடவில்லை. அந்த ஊர் வழக்கம் அது: சைரன் கேட்டால் ரோட்டில் இருப்பவர்கள் பக்கத்தில் எந்த வீடோ அதற்குள் ஏறிவிட வேண்டும். வெடி முடிந்து மறுபடி சைரன் அடிக்கும் வரை வெளியே போகக் கூடாது. அந்த வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் கட்டன் கொடுப்பார்கள், பாலில்லாத டீ. சண்டைபோட்டுப் பேசாமல் இருக்கிறவர்கள்கூட அந்த நேரத்துக்கு அகப்பட்ட வீட்டில் ஏறித்தான் ஆக வேண்டும்.

ராமநாதன் சார் எழுந்து வந்தார். தபால்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார். சார் உட்கார்ந்து டம்ளரை வாங்கிக்கொண்டு, "இன்னும் எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார்.

"ரெண்டாவது சைரன் அடிச்சா பின்ன ஒரு மினிட்டு" என்றார் தபால்காரர். "சாறு மத்தியானம் பேடிச்சுப் போனாரு அல்லே?"

"ரொம்பப் பயந்துட்டேன். இப்பப் பயமில்ல."

வெடித்தது. தரை ஒரு தடவை உதறிக்கொண்டது. டம்ளர்கள் கிணுகிணுத்தன. குடைக்காரப் பெரியவர் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பிறகு அமைதி வந்தது பாருங்கள், அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நிஜமாகவே இலை விழுந்தால் கேட்டிருக்கும்.

சார் என்னைப் பார்த்துச் சொன்னார். "எங்க தெருவுல ராத்திரி பகல் எப்ப எது இடிப்பான்னு தெரியாது. காத்துக்கிட்டே படுத்திருப்பேன். இங்க சொல்லிட்டு வெடிக்கிறான். முடிஞ்சதும் முடிஞ்சுதுன்னும் சொல்லிடறான். அதுக்கப்புறம் தூக்கம் தானா வருது."

மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசிப் பல மாதம் ஆயிற்று என்று பிறகு என்னிடம் சொன்னார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது. என் வேலையும் பிழைத்தது, பேக்கேஜும் பிழைத்தது. ஆனால் தங்கம் கட்டன் ஊற்ற வந்தபோது மேடம் "நீங்க இனிமே யார்கிட்டயும் இப்படிப் பொய் சொல்லக் கூடாது, என்ன?" என்றார். அன்பாகத்தான் சொன்னார், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் சொல்வதுபோல. தங்கம் எல்லார் முன்னாலும் "இல்ல மேடம்" என்று தலையாட்டினார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

"மேடம், பொய் சொன்னது எனக்காக. நான் வெடியைப் பத்தி யார்கிட்டயும் கேக்கவே இல்ல. ஹர்த்தால் நாள்ல வந்து பாத்துட்டு, அமைதியான ஊருன்னு உங்களுக்கு வித்துட்டேன். தப்பு என்னோடது. நீங்க முதலாளிகிட்ட சொல்லுங்க."

தங்கத்துக்குத்தான் கோபம் வந்தது. "கண்டோ, ஞான் கஷ்டப்பட்டு அழுது காட்டினதெல்லாம் வெறுத, வீணாப் போச்சு" என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தபால்காரர் முதலில் சிரித்தார். பிறகு மேடம் எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. கோவளம் ரூமை கேன்சல் செய்யும்படி செல்வராஜிடம் சொன்னார்.

6. ஃபீட்பேக் ஃபார்ம்

நாலு நாளும் இருந்துவிட்டுத்தான் போனார்கள். கிளம்பும்போது மேடம் ஃபீட்பேக் ஃபார்மை நிரப்பி ஒட்டி, முதலாளி பெயர் எழுதிக் கொடுத்தார். நான் பிரிக்காமல் முதலாளி மேஜையில் வைத்தேன். நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பிரித்துப் படித்தார். அமைதியாக இருந்ததா என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதியிருந்தது. மீண்டும் வருவீர்களா என்ற கேள்விக்கு "கட்டாயம்" என்று எழுதி, கீழே ஒரு வரி: "தினம் இரண்டு தடவை வெடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னால் போதும்."

முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத எங்ஙன அண்ணாச்சி பிரோஷர்ல போடுறது?"

"உள்ளத உள்ளபடி போட்டுப் பாப்போம் சார். மத்தியானம் பன்னிரண்டு, சாயங்காலம் நாலரை. சைரன் அடிச்சா வீட்டுக்குள்ள கட்டன்."

"வட்டாயோ உங்களுக்கு, பைத்தியமா?" என்றார். ஆனால் போட்டார். புக்கிங் குறைவாகத்தான் வந்தது. போனவர்களில் ஒருவர்கூடக் குறை சொல்லித் திரும்பவில்லை. அவர் என்னைப் பழைய சீட்டுக்கு அனுப்பவும் இல்லை. அந்த நன்றி எனக்கு அவரிடம் உண்டு.

அதன் பிறகு மாதம் ஒரு வேலை நாள் எனக்கு லீவு கொடுத்தார். மீதி எட்டு ஊருக்கும் திரும்பப் போனேன். ஓர் ஊரில் மர மில் கத்திக்கொண்டிருந்தது. அந்த ஊரை லிஸ்டிலிருந்து அடித்துவிட்டேன். ஓர் ஊரில் செங்கல் சூளை. மற்ற ஊர்களில் ஹர்த்தால் அன்று வாசலில் சும்மா உட்கார்ந்திருந்த அதே ஆட்கள் ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டும், பாய்க்குக் கோரை கிழித்துக்கொண்டும், பால் சொசைட்டிக்கு ஓடிக்கொண்டும் இருந்தார்கள். ஒருத்தருக்கும் என்னோடு நின்று பேச நேரமில்லை. இவர்களைத்தான் நான் அவசரமில்லாதவர்கள் என்று டைரியில் எழுதி வைத்திருந்தேன். வேலை இல்லாமல் முடங்கிக் கிடந்த ஒரு நாளை அவர்களுடைய வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டு விற்கக் கிளம்பியிருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஓர் ஊரை கெஸ்டுக்குக் கொடுக்கும் முன் வேலை நாளில் ஒரு முழுப்பகல் அங்கே இருங்கள். வீட்டுக்காரர் என்ன வேலைக்குப் போகிறார் என்று கேளுங்கள். அங்கே இருப்பவர்களுக்குக் கேட்காத சத்தம் எதுவோ, அதை நீங்கள் கேளுங்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது தங்கம். என் வேலையைக் காப்பாற்றியதும் அவர்தான், அந்தப் பொய்யால் இல்லாவிட்டாலும்.

போன வருஷம் ரிட்டயர் ஆனேன். முதல் வாரத்தில் வலியசாலையில் உள்ள என் வீட்டிலிருந்து தங்கத்துக்குப் போன் செய்தேன். நான் ஹலோ சொன்னதும் அவர் முதலில் கேட்டது சத்தத்தைத்தான்.

"சாறே, எந்து பற்றி, என்ன ஆச்சு? தேங்கா சத்தம் கேக்கலையே."

"வேலை முடிஞ்சிட்டுது தங்கம். இனி வீட்டிலதான்."

"அப்ப இங்க வந்து நாலு நாள் நில்லுங்க. டீச்சரும் சாறும் அடுத்த மாசம் வாறாங்க." பின்னால் முதல் சைரன் அடித்தது. டம்ளர்களைத் தரையில் இறக்கும் சத்தம் கேட்டது. "ஒரு காரியம் சாறே. வேலை நாளாப் பாத்து வாங்க."